சல்லடையில் நின்ற பந்து

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜப்பானே பார்த்துக்கொண்டிருக்க, மக்கினோ யசுஹிக்கோ கோல் விடுவார். குறைந்தது இரண்டு. கதாநாயகனுக்கு அன்றைக்கு ரோஷம் கொஞ்சம் கூடுதலாக வரவேண்டுமென்றால் மூன்று. பந்து அவருடைய தலைக்கு மேலே போகும், காலுக்கு நடுவே போகும், சில வாரம் அவர் ஒரு பக்கம் தாவ, அது மறுபக்கம் சாவகாசமாகப் போகும். ஒவ்வொரு தடவையும் அவர் “என்னது!” என்று அலறவேண்டும். அந்த அலறலுக்காகத்தான் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

ஆள் கால்பந்துக்காரர் இல்லை. குரல் நடிகர். ஐம்பத்தொரு வயது, தனிக்கட்டை, டோக்கியோவில் நெரிமா பக்கம் ஒற்றை அறை. காலையில் சோற்றுப் பொட்டலம் கட்டும் ஆலையில் வேலை, மத்தியானத்துக்கு மேல் ஒலிப்பதிவு. முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருந்தும் அவர் பேசிய பாத்திரங்களில் பாதிக்குமேல் பெயரே கிடையாது. இரண்டாவது போலீஸ்காரர், மீன்கடைக்காரர், அம்பு பட்டு விழும் சிப்பாய். முதல்தடவையாகப் பெயரோடு, ஒரு தொடர் முழுக்க வரும் பாத்திரமாக அவருக்குக் கிடைத்தது ‘ஓநாய்க் கால்’ என்ற கால்பந்து அனிமேயின், அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடரின், தோபே. கதாநாயகன் அணியின் கோல்கீப்பர்.

அந்தத் தொடரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பள்ளிக்கூடங்களுக்குள் போட்டி. தோற்கிற பள்ளியில் கால்பந்தையே இழுத்து மூடிவிடுவார்கள். ரென்ஜி என்று ஒரு பையன், முடி கண்ணை மறைத்துக்கொண்டு திரிவான், கூட ஆடுகிறவனுக்குப் பந்தைத் தரவே மாட்டான். பங்கு போட்டால் பசி போய்விடும் என்பது அவனுடைய வேதாந்தம். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் பார்க்க உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, தட்டில் சோறு ஆறிப்போகும். தான் ஒருத்தன் மட்டும் ஜெயிக்கவேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற ஊரில், ஒரு பொடியன் அதைத் தொண்டை கிழியக் கத்துகிறான் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? அலுவலகத்தில் வாரம் முழுக்கத் தலை குனிந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கிறவர்கள்தான் அதை அதிகம் பார்த்தார்கள்.

குறைக்கும் குறைவில்லை. பந்து காலை விட்டுக் கிளம்பினால் கோலுக்குப் போய்ச் சேரப் பத்து நிமிஷம் ஆகும். நடுவில் அடித்தவனின் அம்மா நோயில் படுப்பாள், குறுக்கே ஓடுகிறவன் தன் முழங்காலைப் பற்றி விளக்கம் கொடுப்பான், எதிரணிப் பயிற்சியாளர் பந்து ஏன் வளைகிறது என்று பாடம் நடத்துவார். வரைய ஆளும் இல்லை, நாளும் இல்லை. அதனால் ஒரே படத்தை இடமிருந்து வலமாக இழுத்துவிட்டு மேலே பேச்சைக் கொட்டிவிடுவார்கள். வேடிக்கை பார்க்கும் கூட்டமோ அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல அசையாது. எல்லாவற்றையும்விடப் பெரிய அநியாயம், தடுக்கிறவனுக்கு அந்த உலகத்தில் மரியாதையே இல்லை. ரென்ஜி பொங்கி எழவேண்டுமென்றால் அணி முதலில் தோற்றுக்கொண்டிருக்கவேண்டும், தோற்கவேண்டுமென்றால் யாராவது ஒருவன் கோல் விடவேண்டும். அந்தப் புண்ணிய காரியத்துக்குத்தான் தோபே. பார்க்கிற பிள்ளைகள் அவனுக்குச் ‘சல்லடை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கடலோரத்து யாய்ஸு ஊரில் அந்தச் சல்லடைக்கு ஒரு ரசிகர் இருந்தார். யசுஹிக்கோவின் அப்பா தெய்ஸோ. சூரை மீனை அவித்துப் புகைபோட்டுக் காயவைக்கும் கொட்டகையில் நாற்பது வருஷம் நின்றவர். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி முழுக்கப் போய்விட்டது. அறுவைசிகிச்சைக்குப் பிறகு கொஞ்சம் திரும்பிவரும் என்று யசுஹிக்கோவும் தங்கை நொரியேவும் ஒரு வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வராது என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். கிழவருக்கும் அது தெரியாமல் இல்லை. பிள்ளைகள் சொல்லும்போதெல்லாம் “சரி, சரி” என்று தலையாட்டிவிட்டு, கையால் சுவரைத் தடவிக்கொண்டு போவார்.

அவருக்கு அந்தத் தொடர் பிடித்ததற்குக் காரணம், மற்றவர்கள் எதைத் திட்டினார்களோ அதுவேதான். தொலைபேசியில் மகனிடம் அவரே சொன்னார்.

“ரேடியோக்காரன்கூட இவ்வளவு சொல்லமாட்டான்டா. எவன் எந்தக் காலால அடிக்கிறான், பந்து எந்தப் பக்கம் வளையுது, எல்லாத்தையும் அவனவனே வாயால சொல்லிடறான். எனக்குன்னே எடுத்த மாதிரி இருக்கு.”

படம் அசையாமல் நிற்பதைப் பற்றி அவருக்கு என்ன கவலை? அவர் தலைக்குள் எல்லாரும் நன்றாகத்தான் ஓடினார்கள். தெருமுனையில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த இனாபா, சல்லடையோட அப்பா வந்தாச்சு என்று கடைக்குள் நுழையும்போதே கேலி செய்வார். கிழவர் கோபித்துக்கொள்ளமாட்டார். பொறு, ஒருநாள் பிடிப்பான் என்று மட்டும் சொல்லிவிட்டு நாற்காலியைத் தடவி உட்காருவார்.

ஒருநாள் பிடிப்பான் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது இன்று நேற்றல்ல. யசுஹிக்கோ பள்ளிக்கூடத்தில் நிஜமாகவே கோல்கீப்பராக இருந்தவர். இருந்தவர் என்றா சொல்வது? நூறு பேர் இருந்த சங்கத்தில் நான்காவது கோல்கீப்பர். மூன்று வருஷமும் விடியற்காலையில் எழுந்து மண்ணில் விழுந்து புரண்டு பழகினார், ஒரு போட்டியில்கூடக் கையுறை மாட்டவில்லை. ஆட இடம் கிடைக்காதவர்கள் எல்லாரும் அணியின் உடுப்பைப் போட்டுக்கொண்டு, பார்வையாளர் படியில் வரிசையாக நின்று, முரசு தட்டிக் கடைசிவரை கத்தவேண்டும். அதுதான் அங்கே முறை. யசுஹிக்கோவின் தொண்டை அந்தப் படியில் பதப்பட்டதுதான்.

அப்பா ஒரு போட்டியைக்கூட விட்டதில்லை. கொட்டகையில் லீவு கேட்டுக்கொண்டு, சோற்று உருண்டை கட்டிக்கொண்டு, மீன் புகை நாறும் சட்டையோடு வந்து உட்காருவார். எல்லாரும் மைதானத்தைப் பார்க்க, அவர் மட்டும் எதிர்ப்பக்கத்துப் படியைப் பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பும்போது வண்டியில் அவர் சொல்வது ஒரே வாக்கியம்: கூட்டத்துல உன் குரல் தனியா கேட்டுச்சு. பாராட்டாகத்தான் சொன்னார். பதினேழு வயதுக்காரனுக்கு அது கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. மகன் ஒரு பந்தைத் தடுத்து அவர் பார்த்ததே இல்லை. இனிமேல் பார்க்கவும் முடியாது. மிச்சமிருந்தது காது ஒன்றுதான்.

பதினெட்டாவது வாரத்துக்கான வசனப் பிரதி கைக்கு வந்தபோது யசுஹிக்கோ ரயிலில் நின்றுகொண்டே புரட்டினார். இறங்கவேண்டிய நிலையத்தைத் தவறவிட்டார். தோபே பிடிக்கிறான். கடைசி நிமிஷம், ஓகுரா என்ற எதிரணிக்காரன் அடிக்கும் பெனால்டி, இடது மூலை. நான்கு பக்கம் தோபேயின் வசனம். எதிராளியின் இடுப்பு திரும்புவதை அவன் கவனிக்கிறான், தன் விரலை நினைக்கிறான், தாவுகிறான், அலறுகிறான், பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ‘என்கிட்ட இருக்கு’ என்கிறான். கதையை வெளியே சொல்லக்கூடாது என்று தொழிலில் கண்டிப்பு உண்டு. அன்று சாயங்காலமே யாய்ஸுவுக்குப் போன் போட்டார்.

“அப்பா, பதினெட்டாவது வாரம் மட்டும் விட்டுடாதீங்க.”

மறுமுனையில் டிவியின் சத்தம் குறைந்தது. அப்புறம் கிழவர் மெதுவாகக் கேட்டார், “எந்தப் பக்கம் தாவறே?”

“இடது பக்கம்.”

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் கெட்டுப்போகும் என்று நினைத்தாரோ என்னவோ.

ஒலிப்பதிவு நடக்கும்போது படம் இருக்காது. இந்தத் தொழிலில் அதுதான் வழக்கம், படம் எப்போதுமே பிந்தித்தான் வரும். திரையில் பென்சில் கோடுகள் ஆடும், தோபேயின் பெயர் எழுதிய வண்ணப்பட்டை ஒன்று தோன்றும், அது இருக்கும்வரை பேசவேண்டும், மறைந்ததும் நிறுத்தவேண்டும். நாலு மைக்குகள், பதினைந்து பேர், சட்டை சரசரக்காமல் ஒருவர் விலக ஒருவர் நுழையவேண்டும். அன்றைக்கு யசுஹிக்கோ நடு மைக்குக்குப் போனபோது மற்றவர்கள் தாமாகவே சுவரோரம் ஒதுங்கிக்கொண்டார்கள். ஒலி இயக்குநர் குனிமோத்தோவிடம் முன்கூட்டியே ஒரு அனுமதி கேட்டிருந்தார், தாவும்போது ‘இடது மூலை’ என்ற சொல்லைத் தான் சேர்த்துக்கொள்ளலாமா என்று. அதனால் என்ன, சேர்த்துக்கோங்க என்று அவர் சொல்லிவிட்டார்.

அந்தப் பென்சில் கோட்டைப் பார்த்துக்கொண்டு யசுஹிக்கோ பேசியதைக் கேட்டவர்கள் இன்னமும் சொல்வார்கள். மூன்று வருஷ மண்ணும் முப்பது வருஷப் பெயரில்லாப் பிணங்களும் அந்த ஒரு அலறலில் இருந்தன. விழும்போது மூச்சு நெஞ்சில் மோதி உடைந்தது. ‘என்கிட்ட இருக்கு’ என்பதை அவர் கத்தவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குச் சொல்வதுபோலச் சொன்னார். முடிந்ததும், ரென்ஜிக்குக் குரல் கொடுக்கும் இளைஞன் இடுப்பு வளைய வணங்கினான். யசுஹிக்கோ கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றார். வாழ்க்கையில் அவர் சந்தோஷமாக இருந்தது அந்தக் கொஞ்சநேரம்தான்.

பதினெட்டாவது ஞாயிறு வந்தது. தெய்ஸோ முடிதிருத்தும் இனாபாவையும் பக்கத்து வீட்டுத் தம்பதியையும் கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் கொடுத்திருக்கிறார். ஆனால் அந்த வாரத்துப் படம் வரைந்து முடியவில்லை. முடியாதபோது என்ன செய்வார்கள் என்று அனிமே பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும், பழைய காட்சிகளை வெட்டி ஒட்டி ‘இதுவரை நடந்த கதை’ என்று ஓட்டிவிடுவார்கள். அப்படித்தான் ஓட்டினார்கள். பதினேழு வாரத்துக் கோல்களும் ஒன்றன்பின் ஒன்றாக. என்னது! என்னது! என்னது! பக்கத்து வீட்டம்மா முதலில் அடக்கிப் பார்த்தாளாம், முடியவில்லை. இனாபா கண்ணில் நீர் வரச் சிரித்தாராம். நொரியேதான் போனில் இதைச் சொன்னாள். அப்பா என்ன செய்தார் என்று யசுஹிக்கோ கேட்டார். கடைசிவரை கேட்டுவிட்டு, அடுத்த வாரம்தான் போலிருக்கு என்று சொல்லி, எல்லாருக்கும் இன்னொரு சுற்றுத் தேநீர் ஊற்றச் சொன்னாராம்.

கிடைத்த அந்த ஒரு வாரத்தில் படக்கூடத்தில் வேறொன்று நடந்தது. அது நடிகர்களுக்குத் தெரியாது. தொடரின் இயக்குநர் அதிகம் பேசாத மனிதர். படம் அசையவில்லை, வாய்தான் அசைகிறது என்று ஊரெல்லாம் கேலி செய்ததை மனதிலேயே வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தவர். ஓய்வு பெற்றிருந்த ஒரு மூத்த ஓவியரின் வீட்டுக்குப் போய் மண்டியிட்டுக் கேட்டு, அந்தத் தாவல் ஒன்றை மட்டும் முழுக்கக் கையால் வரைந்து வாங்கினார். வந்த படத்தைப் பார்த்ததும், இதற்குமேல் பேச்சு எதற்கு என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஒலிகளைச் சேர்க்கும் நாளன்று நடிகர்களைக் கூப்பிடும் வழக்கம் இல்லை.

அடுத்த ஞாயிறு யசுஹிக்கோ ஆலையில் லீவு சொல்லிவிட்டு யாய்ஸுவுக்கே போனார். அப்பா காலர் வைத்த சட்டை போட்டு, மேல் பொத்தான்வரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இனாபா வரவில்லையா என்று கேட்டதற்கு, “கூப்பிடல. முதல்ல நான் கேட்டுக்கறேன்” என்றார். நொரியே பழம் நறுக்கி வைத்தாள். தொலைக்காட்சிக்கு மிக அருகில், ஒரு கையெட்டும் தூரத்தில், கிழவர் வலது காதைத் திருப்பிக்கொண்டார்.

தொடக்கம் வழக்கம்போலத்தான். ஓகுரா பந்தை வைத்துவிட்டுத் தன் கதையை ஆரம்பித்தான். வலது காலின் வெளிப்புறத்தால் அடிக்கப்போவதாக விலாவாரியாகச் சொன்னான். கிழவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். ஓகுரா ஓடிவந்தான். கால் பந்தில் பட்டது.

சத்தம் நின்றது.

திரையில் புல் அசைந்தது. தொடர் தொடங்கியதிலிருந்து முதல்தடவையாக ஒவ்வொரு புல்லும் தனித்தனியாக அசைந்தது. தோபேயின் முழங்கால் மடங்கி, உடம்பின் பாரம் இடப்பக்கம் வழிந்து, கையுறையின் சுருக்கங்கள் ஒன்றொன்றாக விரிந்தன. எந்தப் படமும் திரும்ப வரவில்லை. இதை வரைந்தவர் ஒருகாலத்தில் கோலுக்கு முன்னால் நின்றவராகத்தான் இருக்கவேண்டும் என்று யசுஹிக்கோவுக்குப் பட்டது. இத்தனை அழகான ஒன்றை அவர் பார்த்ததில்லை. நொரியே வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவரும் தன்னை மறந்தார். இதோ என் குரல் வரும், இதோ வரும் என்று காத்திருந்தார். தோபேயின் வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. குரல் வரவில்லை. பந்து விரலில் பட்டு, உள்ளங்கையில் தங்கி, மார்புக்குள் போனது. உதடு அசைந்தது. அதற்கும் குரல் இல்லை.

அப்போதுதான் அவருக்கு அப்பாவின் நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தார். கிழவர் இரண்டு கையையும் முழங்காலுக்கு மேல் தூக்கி, எதையோ ஏந்தப்போவதுபோல விரல்களைப் பாதி மடக்கி வைத்திருந்தார்.

“நொரியே, டிவி நின்னுபோச்சா?”

யசுஹிக்கோ வாயைத் திறப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். கூட்டம் ஓவென்று கத்தியது. அதோடு முடிவுப் பாட்டு ஆரம்பித்துவிட்டது. அந்தத் தொடரில் கூட்டம் கத்துவது கோல் விழுந்தால் மட்டும்தான். இத்தனை வாரமும் கேட்டுக் கேட்டு அது கிழவருக்கு மனப்பாடம். அவருடைய கைகள் மெதுவாக மடிக்கு இறங்கின.

“போயிடுச்சா” என்றார். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை.

“இல்லப்பா. பிடிச்சிட்டேன். இடது மூலையில. சத்தத்தை எடுத்துட்டாங்க, அதான்...”

“ஆமாப்பா, அண்ணன் பிடிச்சிட்டான். நான் பாத்தேன்” என்றாள் நொரியே மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அவள் அழுகிற சத்தம் கிழவருக்கு எப்போதோ கேட்டுவிட்டிருந்தது.

“சரி, சரி” என்றார் கிழவர். கண் திரும்பிவரும் என்று அவர்கள் சொன்னபோது சொன்ன அதே “சரி”.

யசுஹிக்கோ எழுந்து நின்றார். பாயின் மேல், தொலைக்காட்சிக்கும் அப்பாவுக்கும் நடுவில் நின்று, அன்று பென்சில் கோட்டுக்குப் பேசியதை முதலிலிருந்து பேசினார். இடுப்பைக் கவனித்தார், விரலை நினைத்தார், இடது மூலை என்றார், தாவினார், அலறினார். ஐம்பத்தொரு வயது உடம்பு பாயில் விழுந்தது. பழத்தட்டு கவிழ்ந்தது. “என்கிட்ட இருக்கு” என்று அப்பாவின் முழங்காலுக்கு அருகில் கிடந்து சொன்னார்.

கிழவர் கடைசிவரை கேட்டார். அப்புறம் கையை நீட்டித் தேடி, மகனின் தலையைக் கண்டுபிடித்துத் தடவினார்.

“நல்லாத்தான் பண்றே. பயிற்சியில எல்லாரும் பிடிப்பாங்கடா.”

பழத்தட்டுக்குப் பக்கத்தில் யசுஹிக்கோவின் செல்போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. ரென்ஜியாகப் பேசும் இளைஞன், குனிமோத்தோ, பல வருஷமாகப் பேச்சில்லாத பழைய நண்பர்கள். அனிமேயில் இப்படி ஒரு தாவலை இதுவரை யாரும் வரைந்ததில்லை என்று நாடே கொண்டாடிக்கொண்டிருந்தது. இனிமேல் யாரும் தோபேயைச் சல்லடை என்று சொல்லப்போவதில்லை. உங்கள் குரலை எடுத்ததற்கு மன்னிக்கவேண்டும், அந்த மௌனத்தை உங்களுக்குத் தரும் மரியாதையாக நினைத்தேன் என்று இயக்குநரும் எழுதியிருந்தார். அவர்மேல் கோபப்படக்கூட யசுஹிக்கோவுக்கு வழியில்லை. படம் அவ்வளவு நன்றாக இருந்தது. யார்மேலாவது ஆத்திரப்பட முடிந்திருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பார்.

நொரியே தொலைக்காட்சியை அணைத்துவிட்டுச் சிதறின பழத்தைப் பொறுக்கினாள். கிழவர் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டார். மகனுக்கு மனசு விட்டுப்போயிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஆறுதலாக ஏதாவது சொல்ல யோசித்து, சொன்னார்.

“கடைசியில கூட்டம் கத்திச்சில்ல? அதுல உன் குரல் தனியா கேட்டுச்சு.”

அது உண்மைதான். அந்தக் கூச்சலை மூன்றாவது வாரத்துக்காக எல்லா நடிகர்களும் சேர்ந்து கத்திப் பதிவு செய்து வைத்திருந்தார்கள், அதையேதான் வாராவாரம் போடுகிறார்கள். கடைசி மைக்கில், பின்வரிசையில் நின்று கத்தியவர் யசுஹிக்கோ. அப்பாவின் காது தப்பாது.

“ஆமாப்பா” என்றார் அவர். “அது நான்தான்.”